எறும்பு வராத சைக்கிள்

மூன்று வாரமாகக் காளியண்ணனின் சைக்கிளுக்கு எறும்பு வருவதில்லை.

அதற்கு முன்னால் வந்தது. நன்றாகவே வந்தது. ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் போத்தலிலிருந்து சிந்திய சீனித் தண்ணீர் சைக்கிள் சட்டத்தில் பிசுபிசுத்துக் கிடக்கும். புக்கிட் செந்தோசா வீட்டின் கிரில் கதவோரம் எறும்புகள் வரிசை கட்டிவிடும். நாகமணி வாளியும் துணியுமாக உட்கார்ந்து, எறும்பை ஒரு பாட்டம், புருஷனை ஒரு பாட்டம் திட்டிக்கொண்டே துடைப்பாள்.

இப்போது அந்த வேலை இல்லை. ஏன் இல்லை என்பது இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி இன்று சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சமையலறையில் இரண்டு நீலப் போத்தல்களைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காளியண்ணனுக்கு ஐம்பத்தொன்பது வயது. ரவாங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மெஷின் பழுது பார்த்தவர். ஐம்பத்தைந்தாவது வயதில்தான் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. போன வருடம் கோலா சிலாங்கூரில் நடந்த இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் பேர் கொடுத்தார். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நூற்று அறுபத்தெட்டாவது கிலோமீட்டரில், நேரம் போய்விட்டது என்று பின்னால் வந்த வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். அன்று வேன் ஜன்னல் வழியாகத் தன்னைவிட மூத்தவர்கள் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தபடி வந்த மனிதர், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மகள் விஷாலினிதான் உஷாராணியைத் தேடிப் பிடித்தாள். உஷாராணி ஒரு காலத்தில் மாநிலத்துக்காகச் சைக்கிள் ஓட்டியவள். இப்போது கோலா குபு பாருவில் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை. வயது நாற்பத்து நான்கு. ஐம்பது தாண்டியவர்களை மட்டும் எடுத்துப் பயிற்சி கொடுக்கிறாள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

முதல் மாதம் முழுக்க அவள் செய்த ஒரே வேலை, காளியண்ணனை மெதுவாக ஓட்ட வைத்ததுதான். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளைத் தொடவே கூடாது. இளவட்டங்களோடு போட்டி போட்டு முதல் ஒரு மணி நேரத்தில் காலைத் தீர்த்துவிட்டால் கடைசி ஐந்து மணி நேரத்துக்கு யாரிடம் கால் கடன் வாங்குவீர்கள் என்று கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திரிக்கும் பயிற்சி கொடுத்தாள். அரை மணிக்கு ஒரு தரம் கைக்கடிகாரம் பீப் என்றால், தாகம் இருக்கோ இல்லையோ, சீனியும் உப்பும் கலந்த தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்றாள். வெயிலில் அவர் வயிறு திட உணவை ஏற்பதில்லை. அதனால் அந்தத் தண்ணீர்தான் அவருக்குச் சோறு.

ஆறு மாதத்தில் மனிதர் நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வந்து பசியாறினார். நாகமணியே அசந்து போனாள்.

ஆனால் நாகமணி ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். உஷாராணியைச் சாட்சியாக வைத்துப் போட்டது. ஒரே ஒரு தடவை இவர் மோசமான நிலையில் வீட்டுக்கு வந்தாலும், சைக்கிள் வீட்டை விட்டு வெளியே போய்விடும். காளியண்ணன் சரி என்று தலையாட்டினார்.

அப்புறம்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் எல்லாம் இறங்க ஆரம்பித்தது. அதே எண்பது கிலோமீட்டர், அதே பாதை, ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் கால் ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. உஷாராணி ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தாள், ஓய்வைக் கூட்டிப் பார்த்தாள். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் சொல்லிவிட்டாள்: இந்தச் சனிக்கிழமை நூற்று இருபது கிலோமீட்டர் சோதனை. கோலா சிலாங்கூர் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்புகிற பாதி, போகிற பாதியைவிடப் பத்து நிமிடத்துக்கு மேல் கூடக்கூடாது. கூடினால் அடுத்த ஞாயிறு நடக்கும் இருநூறு கிலோமீட்டரிலிருந்து அவர் பேரை எடுத்துவிடுவேன். பேரை எடுக்கச் சனிக்கிழமை மாலை ஆறு மணி வரைதான் நேரம்.

சரி, இப்போது சமையலறைக்கு வருவோம்.

நாகமணி அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு டின்னை எடுத்தாள். உஷாராணி அளந்து கட்டி அனுப்பும் பாக்கெட்டுகளிலிருந்த சீனித்தூள் எல்லாம் அந்த டின்னுக்குள் போயிருந்தது. போத்தலுக்குள் போனது வேறு. கடையில் விற்கும் ஆரஞ்சுத் தூள், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்காரர்கள் குடிப்பது. உஷாராணி அனுப்பியதைப் போலவே நிறமும் உண்டு, புளிப்பும் உண்டு, தித்திப்பும் உண்டு. சீனி மட்டும் ஒரு பொட்டும் இல்லை. கோலா சிலாங்கூரில் போத்தலை மறுபடி நிரப்பிக்கொள்ள அவர் சட்டைப் பையில் வைக்கும் இரண்டு பொட்டலங்களும் அதேதான்.

அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். அவள் பக்கமும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

காளியண்ணனுக்கு ஆறு வருடமாக இனிப்பு நீர். அந்த ஆறு வருடமும் இந்த வீட்டில் சீனியை ஒழித்துக் கட்டியவள் நாகமணி. பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் அவள் அண்ணன் இராமையாவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. இனிப்பு நீரால் கால் சுண்டுவிரலில் ஒரு சின்னப் புண்ணாக ஆரம்பித்ததை ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தபோது கட்டிலோரம் நின்றவள் அவள். போன மாதம் கிளினிக்கில் காளியண்ணனின் மூன்று மாதச் சீனி அளவு ஏழிலிருந்து ஏழு புள்ளி நான்கு ஆகியிருந்தது. பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. எண் மட்டும் விழுந்தது. வீட்டுக்கு வந்து உஷாராணியின் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கரண்டியால் அளந்து பார்த்தாள். ஒரு போத்தலுக்குப் பன்னிரண்டு தேக்கரண்டி. அன்றைக்கே டின்னைத் தேடினாள்.

நீண்ட ஓட்ட நாளில் காலை மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னவர் டாக்டர். அதை அவள் பாதியாகத்தான் கொடுத்தாள். டாக்டர் சொன்னதை மாற்ற அவளுக்குத் துணிச்சல் இல்லை. கோச் சொன்னதை மாற்றத்தான் துணிந்தாள்.

ஆறு மணிக்குக் காளியண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். போத்தல்களை வாங்கிச் சட்டத்தில் செருகினார். பொட்டலங்களைச் சட்டையின் முதுகுப் பைக்குள் போட்டார். திறந்து பார்க்கவில்லை. அவள் கொடுப்பதை அவர் என்றைக்குத் திறந்து பார்த்தார்?

"வரேன் மணி," என்றார்.

நாகமணிக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

விஷாலினி சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா எங்கே போகிறார் என்பதை ஒரு நீலப் புள்ளி காட்டும். ஏழரைக்குப் புள்ளி பத்தாங் பெர்ஜுந்தாயைத் தாண்டியது. எட்டு நாற்பதுக்குக் கோலா சிலாங்கூரில் நின்றது. நல்ல நேரம், போன மாதக் கணக்குக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார் என்று விஷாலினி குதித்தாள். நாகமணி காதில் வாங்காதவள் போல மீன் கழுவினாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. பார்த்தாயா, சீனி இல்லாமலே ஓட்டுகிறாரே என்று நினைத்தாள்.

ஒன்பது மணிக்கு மேல் புள்ளி மெதுவானது.

ஒன்பது ஐம்பதுக்கு நின்றுவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால், இரண்டு பக்கமும் செம்பனையைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடம். விஷாலினி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். நாகமணி ஈரக்கையோடு வந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். அந்தப் புள்ளி அசையும் என்று இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அசையவில்லை.

பத்து ஐந்துக்கு உஷாராணியிடமிருந்து அழைப்பு வந்தது. பத்தாங் பெர்ஜுந்தாயில் பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் காத்திருந்தவள், புள்ளி நின்றதைப் பார்த்ததும் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அண்ணன் என் பக்கத்தில்தான் இருக்கிறார், நினைவு இருக்கிறது, இப்போது பேசுகிறார், ஆனால் நீங்கள் வாருங்கள் என்றாள். இப்போது பேசுகிறார் என்றால், அதற்கு முன்னால்?

விஷாலினி கார் ஓட்டினாள். வழி நெடுக நாகமணி முருகனைக் கூப்பிட்டாள். செய்ததை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

பனைக்குலை குவித்து வைக்கிற சிமெண்டு மேடையில் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. முகம் மாவு பூசியது மாதிரி வெளுத்திருந்தது. கையில் பாதி குடித்த இனிப்புப் பானப் பெட்டி. ஒரு லோரிக்காரர் இன்னும் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் முதலில் பார்த்து நிறுத்தியவர். சைக்கிளை விட்டு இறங்கிய மனிதர் ஹெல்மெட் வாரைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டே நின்றாராம். உடம்பெல்லாம் ஜில்லென்று வியர்வையாம். ஷிப்ட் முடிந்துவிட்டதா, மணி அடித்தாச்சா என்று லோரிக்காரரிடம் மலாயில் கேட்டாராம்.

வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது அவருக்கு.

உஷாராணி தன் பையிலிருந்த சீனி சோதிக்கும் கருவியை நாகமணியிடம் காட்டினாள். பானம் கொடுப்பதற்கு முன்னால் விரலில் குத்திப் பார்த்தது. மூன்று புள்ளி ஒன்று.

ஆறு வருடமாக எட்டு, ஒன்பது, பதினொன்று என்று பார்த்தே பழகிய கண்கள் அவளுடையவை. இவ்வளவு சின்ன எண்ணை அவள் அந்தக் கருவியில் பார்த்ததே இல்லை. முதல் நொடியில் அது அவளுக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது. அப்புறம் உஷாராணியின் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கும் கீழ போயிருந்தா மயக்கம் போட்டிருப்பாருக்கா," என்றாள் உஷாராணி. "லோரி போற ரோடு."

நாகமணி புருஷனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவர் அவளைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பவர் மாதிரி சிரித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்றார். நிபந்தனையைத்தான் சொல்கிறார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து கார்ப் பக்கம் போய்விட்டாள்.

விஷாலினி அப்பாவை முன்சீட்டில் ஏற்றினாள். உஷாராணி சைக்கிளைத் தன் காரின் பின்பக்கம் மாட்டுவதற்காகத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். போத்தல் செருகும் இடத்துக்குக் கீழே சட்டத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். கட்டை விரலையும் சுட்டு விரலையும் ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு போத்தலைத் திறந்து அடியில் கிடந்ததை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள்.

நாகமணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட வழியில்லை.

உஷாராணி கிட்டே வந்து, காருக்குள் கேட்காத குரலில் பேசினாள்.

"மூணு போத்தல் குடிச்சிருக்காரு. சட்டம் ஒட்டவே இல்ல. எறும்பு மொய்க்கணுமேக்கா."

நாகமணி தரையைப் பார்த்தாள். கண்ணீர் வந்தது.

உஷாராணி திட்டவில்லை. திட்டியிருந்தால் நாகமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தப்பில் பாதி என்னுடையது என்றாள். அண்ணனுக்கு ஆறு மாதமாகப் பாடம் எடுத்தேன், போத்தல் கலக்குகிற உங்களுக்கு ஒரு நாளும் எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து குடித்தால்தான் அந்தச் சீனி ரத்தத்தில் ஏறும். ஐந்து மணி நேரம் மிதிக்கிறவருக்கு அது தொடையிலேயே எரிந்து போய்விடும். வயதானவர்களுக்கு இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், அதனால்தான் டாக்டரைக் கேட்டு அளந்து கட்டினேன். மூன்று வாரமாக அவர் உடம்பு தோற்கவில்லை அக்கா, பட்டினியாக ஓட்டியிருக்கிறார் என்றாள்.

"நீங்க சொல்லிருங்களேன்," என்றாள் நாகமணி. குரல் கெஞ்சியது.

"நான் சொன்னா ஒங்களைப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். நாளைக்கு அந்த வீட்டுல சமைக்கப் போறது நீங்க. நீங்கதான் சொல்லணும்." உஷாராணி கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சரைக்குப் போன் பண்றேன். அதுக்குள்ள சொல்லலன்னா, ஆறு மணிக்கு நான் பேரை எடுத்துருவேன். என்ன குடிக்கிறோம்னே தெரியாத ஆளை இருநூறு கிலோமீட்டர் அனுப்ப மாட்டேன்."

சைக்கிளை வீட்டில் இறக்கிவிட்டு அவள் போய்விட்டாள்.

இனி நாகமணியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். சாயங்காலம் ஆறு மணி தானாக வரும், பேர் தானாகப் போகும், சைக்கிள் தானாக வெளியேறும். காளியண்ணன் வீட்டோடு இருப்பார். கோயிலுக்குப் போவார், சந்தைக்குப் போவார், காலோடு இருப்பார். இத்தனை மாதமாக அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அதுதானே?

காளியண்ணன் குளித்துவிட்டு வந்து, இரண்டு வாய் சோறு சாப்பிட்டு, விஷாலினியைக் கூப்பிட்டார். சைக்கிளைப் படம் எடுத்து விற்பனைக்குப் போடச் சொன்னார். யாராவது சின்ன வயதுக்காரர்கள் வாங்கினால் நல்லது, சும்மா கிடந்து துருப்பிடிக்க வேண்டாம் என்றார். விஷாலினி திங்கட்கிழமை டாக்டரைப் பார்ப்போம், அப்புறம் யோசிப்போம் என்றாள்.

"டாக்டர் என்னா பாப்பாரு? வயசுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியே போனார். கோபமாகச் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் வெளியே ஸ்பேனர் சத்தம் கேட்டது. விற்கத் தோதாகப் பெடலைக் கழற்றுகிறார்.

மேசை மேல் அவருடைய நோட்டுப் புத்தகம் கிடந்தது. ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதி வைக்கச் சொன்னவள் உஷாராணி. எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி. முப்பத்து மூன்று வருடத்தில் புருஷனின் எந்தக் காகிதத்தையும் நாகமணி பிரித்துப் பார்த்ததில்லை. இன்று பிரித்தாள்.

ஆறு மாதத்துக்கு ஒரே குதூகலமாக எழுதியிருந்தார். இன்று காற்று எதிர்ப்பக்கம், ஆனாலும் கால் நன்றாக இருந்தது. இன்று ஏற்றத்தில் நிற்கவில்லை. இன்று வந்ததும் மணி மீன்கறி வைத்திருந்தாள், மூன்று தட்டுச் சோறு. அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அப்புறம் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை: கடைசியில் முடியவில்லை. வெயில் அதிகம் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை: முடியவில்லை. தூக்கம் போதவில்லையோ என்னவோ.

போன சனிக்கிழமை: தூரத்தைக் குறைத்தும் முடியவில்லை.

இன்றைய தேதியைப் போட்டு, சாப்பிட உட்காருவதற்கு முன்னால் எழுதியிருக்கிறார். ஒரே சொல்தான். வயசு.

நாகமணி நோட்டை மூடினாள். அந்தச் சொல்லை அவர் எழுதவில்லை, தான்தான் அவர் கையைப் பிடித்து எழுத வைத்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு மனிதரை இருக்கிற வயதுக்கு மேல் பத்து வயது கிழவராக்கியாயிற்று, அதுவும் ஆரஞ்சுத் தூளைக் கலந்து கொடுத்து. ஆனாலும் வெளியே போய்ச் சொல்லக் கால் எழவில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு அவர் போவார். மறுபடி செம்பனைக்கு நடுவே அந்தப் புள்ளி நின்றுவிட்டால்?

மணி நான்கானது. ஐந்தானது.

ஐந்தரைக்குச் சொல்லி வைத்த மாதிரி கைப்பேசி அடித்தது. காளியண்ணன் கையெல்லாம் கிரீஸ் என்பதால் விஷாலினி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

அண்ணே, எப்படி இருக்கிறீர்கள் என்று உஷாராணி விசாரித்தாள். நன்றாக இருக்கிறேன் டீச்சர் என்றார்.

"பேரை எடுத்துறட்டுமாண்ணே?"

"எடுத்துருங்க டீச்சர். ஒங்க மேல ஒரு குத்தமும் கெடையாது. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. ஒடம்புதான் கேக்கல."

அந்தப் பக்கம் உஷாராணி யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று இந்தப் பக்கம் ஒருத்திக்கு மட்டும் தெரியும். விஷாலினி அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். காளியண்ணன் விரலில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கறை போன பிறகும் துடைத்தார்.

"சரிண்ணே," என்று உஷாராணி ஆரம்பித்தாள்.

"எடுக்காதீங்க," என்றாள் நாகமணி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சமையலறைக்குள் போய் டின்னை எடுத்து வந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே மூன்று வாரத்துச் சீனி இருந்தது.

"அவரு ஒடம்புல ஒண்ணுமில்ல. நாந்தான் மாத்துனேன். போத்தல்ல இருந்தது வெறும் கலர் தண்ணி."

"அம்மா!" என்றாள் விஷாலினி. காளியண்ணன் டின்னைப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தார்.

போனிலிருந்து உஷாராணிதான் பேசினாள். திங்கட்கிழமை டாக்டரிடம் நான்கு பேரும் சேர்ந்து போவோம், டாக்டர் சரி என்றால் ஞாயிறு ஓடலாம், வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்காக இன்று பேரை எடுக்கப் போவதில்லை. அக்காவும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"மூணு வாரமாவா?" என்று காளியண்ணன் கேட்டார்.

"ஆமா."

"மச்சான் காலை நெனச்சா?"

"ஆமாங்க."

அவர் தலையாட்டினார். இராமையாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றால், அந்தப் பக்கம் நின்றவர் அவர். அந்தப் பயம் அவருக்கும் புரியும். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"அது மட்டுந்தானா மணி?"

அது மட்டும்தான் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். இத்தனை வருடம் நம்பியவர்தானே. ஆனால் இன்றைக்குப் பொய் சொன்னால் இனி உண்மையே வராது என்று அவளுக்குப் பட்டது.

"போகாம இருந்தா நல்லதுன்னும் நெனச்சேன்," என்றாள்.

காளியண்ணன் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஸ்பேனர் சத்தம் கேட்டது. பெடலைத் திருப்பி மாட்டுகிறார் என்று விஷாலினி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னாள். அவள் முகத்தில் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. நாகமணிக்கும் மூச்சு வந்தது. இதோடு போயிற்று, நாலு நாள் முகம் தூக்கிக்கொண்டு இருப்பார், அப்புறம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள். முப்பத்து மூன்று வருடமாக இந்த நேரத்துக்கு அவருக்குத் தேநீர் போடுபவள் அவள். அவருடைய பெரிய கோப்பையில் ஊற்றி, இரண்டு பிஸ்கட்டோடு வெளியே கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் கை கழுவிவிட்டு வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பையை வாங்கினார். வாய்க்குக் கிட்டே கொண்டு போனவர், கையை நிறுத்தி உள்ளே பார்த்தார்.

"இதுல என்னா போட்டிருக்க?" என்றார்.

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். இந்த வீட்டில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"தேத்தூளு, பாலு. சீனி போடல," என்றாள் நாகமணி.

அவர் முதலில் ஒரு வாய் மட்டும் குடித்துப் பார்த்தார்.